சிந்துஜா பெயரில் ஒரு லோகநாதன்

நான் ஒப்பீட்டு மேலாண்மையில் நான்கு வருடப் பட்டம் வாங்கியவன். மூன்று எண்களைக் கொடுத்தால் அவற்றில் எது சிறியது என்று சொல்லிவிடுவேன். இதற்கு எங்கள் கல்லூரியில் தனி ஆய்வகமே இருந்தது. படிப்பு முடிந்ததும் கோபிசெட்டிபாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு பேக்கரியின் மாடியில் 'நிதர்சன் வாகனக் காப்பீட்டு ஒப்பீட்டகம்' என்று போர்டு மாட்டி உட்கார்ந்துவிட்டேன். நிதர்சன் என்பது என் பெயர்தான். தத்துவம் எதுவும் இல்லை.

என்னிடம் வருகிறவர்கள் எல்லோரும் இன்னமும் தங்கள் காரைத் தாங்களே ஓட்டுகிறவர்கள். தானாக ஓடும் கார்களுக்கு என் உதவி தேவையில்லை. அவை இன்சூரன்ஸ் கம்பெனிகளோடு தாமே பேரம் பேசி முடித்துவிட்டு, சொந்தக்காரருக்கு ஒரு வணக்கம் மட்டும் அனுப்பிவைக்கின்றன.

ஒரு நாள் சிந்துஜா அக்காவும் அவர் கணவர் லோகநாதனும் மாடிப்படி ஏறி வந்தார்கள். அக்காவுக்கு ஐம்பது தாண்டியிருக்கும். பெருந்துறையில் ஒரு பனியன் ஆலையில் தரம் பார்க்கிற வேலை. லோகநாதன் அண்ணன் மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர். இடது கண்ணில் பார்வை குறைந்துபோனதால் அவருடைய லைசென்ஸைப் புதுப்பிக்க மறுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொண்டிருக்கிறார். கீழே வாசலில் நின்றது அவர்களுடைய பதினேழு வயதுப் பெட்ரோல் கார். அதனோடு பிறந்த கார்கள் எல்லாம் இந்நேரம் உருக்கப்பட்டு ஸ்பூனாகியிருக்கும்.

"தானா ஓடற டாக்சி வெச்சுக்கலாமுல்லீங்க்கா?" என்று வழக்கப்படி கேட்டேன்.

"எங்க ஊருக்கு வராது தம்பி. மேப் கம்பெனிக்காரன் எங்க ரோட்டப் பாத்துட்டு, இது ரோடே இல்ல, வாய்க்கால்னு போட்டுட்டான்."

"வாய்க்கால்ல தண்ணியாவது வந்தாச் செரினு இருந்துக்கலாம்," என்றார் அண்ணன்.

விஷயம் இதுதான். இந்தக் கார் இருந்தால்தான் அக்கா வேலைக்குப் போக முடியும். இன்சூரன்ஸ் இருந்தால்தான் கார் இருக்கும். அவர்களுடைய பழைய கம்பெனி, பதினாறு வயதுக்கு மேற்பட்ட வண்டிகளை இனி எடுப்பதில்லை என்று ஒரு பூங்கொத்துப் படத்தோடு செய்தி அனுப்பியிருந்தது.

"தேர்டு பார்ட்டி மட்டும் போட்டுட்டா சல்லிசா முடிஞ்சுரும்னு பக்கத்து வீட்ல சொன்னாங்க," என்றார் அக்கா. "அது போதாதா?"

"நீங்க போய் யார் மேலயாவது இடிச்சா, அவங்களுக்குக் குடுக்கறது தேர்டு பார்ட்டி. உங்க வண்டி நசுங்குனா அதுல ஒண்ணும் வராதுங்க்கா. சாதாரணமா இவ்வளவு பழைய வண்டிக்கு அதுவே போதும்னுதான் நானும் சொல்லுவேன். வண்டிக்கு வயசாக ஆக அதோட மதிப்பக் கொறச்சுட்டே வருவாங்க, அப்புறம் மொத்தமா நசுங்குனாலும் கைக்குப் பெருசா ஒண்ணும் வராது. ஆனா இப்ப புதுச் சட்டம் ஒண்ணு இருக்குது. ஃபுல் கவர் இல்லாத பழைய வண்டிய எந்தப் பட்டறையும் தொடக் கூடாது. ஒரு பம்பர் கழண்டாக்கூட நேரா நசுக்கற ஆலைக்குத்தான்."

"அப்ப ஃபுல் கவர்தான்," என்றார் அக்கா. "எனக்கு வண்டி வேணும் தம்பி. இந்த மாதிரி வேற வண்டி இனிச் செய்யறதுமில்ல."

மூன்று கம்பெனிகளில் விலை கேட்டேன். இரண்டாவது கம்பெனி தேர்டு பார்ட்டி மட்டும்தான் தருவேன் என்றது. மீதி இரண்டு. பொற்குடை என்ற கம்பெனி ஒரு தொகை சொன்னது. சுபயாத்திரை என்ற கம்பெனி அதில் பாதிக்கும் கீழே சொன்னது. என் பட்டப்படிப்பு அந்த இடத்தில் கைகொடுத்தது. சுபயாத்திரைதான் சிறியது என்று உடனே கண்டுபிடித்தேன்.

"ஒரே ஆளுக்கு, ஒரே வண்டிக்கு, ஏன் தம்பி இவ்வளவு வித்தியாசம்?" என்றார் அண்ணன்.

"ரெண்டு பேரும் வேற வேற நகல் செஞ்சிருக்காங்கண்ணா."

"நகலுனா, ஜெராக்ஸா?"

"அக்காவையே ஜெராக்ஸ் எடுத்த மாதிரின்னு வெச்சுக்கங்க. அவங்க பழக்கவழக்கம், பேச்சு, பயம் எல்லாத்தையும் சேத்து கம்ப்யூட்டருக்குள்ள ஒரு ஆளாச் செஞ்சு, உங்க கார் மாதிரியே ஒரு காரக் குடுத்து, உங்க ரோட்லயே ஒரு வருசம் ஓட்டச் சொல்லுவாங்க. ஒருக்கா இல்ல, ஆயிரந்தடவ. எத்தன தடவ இடிக்குதோ அதுக்குத் தக்கபடி பிரீமியம்."

"நான் இதுவரைக்கும் எங்கயுமே இடிச்சதில்லியே," என்றார் அக்கா.

"நீங்க இடிக்கலீங்க்கா. உள்ள ஓட்டற அக்கா இடிச்சிருக்காங்க."

அக்கா திடுக்கிட்டு மன்னிப்புக் கேட்கிற முகத்தோடு கணவரைப் பார்த்தார்.

ஏன் இவ்வளவு விலை என்று கேட்டால் விளக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. விளக்கம் எழுதுவதற்கு ஆள் வைப்பது வீண் செலவு என்பதால், வாடிக்கையாளரை நகலோடே பேசவிட்டுவிடுகிறார்கள். நான் திரையைத் திருப்பினேன். முதலில் பொற்குடை செய்த நகல் வந்தது. பொற்குடைக்காரர்கள் ஆள் அனுப்பி, அக்காவின் கைபேசியை அவர் அனுமதியோடு பார்த்து, ஆலையிலும் விசாரித்துச் செய்கிறவர்கள். அதே முகம், அதே மூக்குத்தி.

"ஏங்க, நீங்க ஏன் இடிச்சீங்க?" என்று அக்கா தன்னிடமே மரியாதையாகக் கேட்டார்.

"அதையேன் கேக்கறீங்க போங்க," என்றது நகல். "நம்ம பனியன் கம்பெனிப் புள்ளைங்க ரோட்டோரமா நிக்குதுங்க. ஏத்திக்கலாம்னு ஓரங்கட்டுனேன். இன்னொருக்கா ஒரு ஆடு. இன்னொருக்கா ஒரு பாட்டியம்மா மூட்டையோட நின்னுச்சு. நிறுத்தாம எப்படிங்க போறது?"

"ஆமா, எப்படிப் போறது?" என்றார் அக்கா. இருவரும் கொஞ்ச நேரம் புள்ளைங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். யாருக்கு வளைகாப்பு என்பது வரை போனது. நான்தான் குறுக்கிட்டு நிறுத்தினேன்.

அடுத்து சுபயாத்திரையின் நகல். அதுவும் அதே முகம், அதே குரல். ஆனால் கைகளைக் கட்டிக்கொண்டு, முகவாயைச் சற்றுத் தூக்கி வைத்திருந்தது.

"நீங்க ஆயிரம் வருசத்துல நாலு தடவதான் இடிச்சிருக்கீங்களாமா," என்றார் அக்கா. "எப்படிங்க?"

"நம்ம வேலையுண்டு நாமுண்டுனு போனா எதுக்குங்க இடிக்கப் போகுது?" என்றது நகல். "யாரு கை காட்டுனாலும் நிறுத்தறதில்ல. எங்கூட்டுக்காரி ஒருத்தி இருக்கறா. ரோட்ல நாய் படுத்திருந்தாலும் எறங்கிப்போய் சௌரியமானு கேப்பா. அவளாட்ட இருந்தா வண்டி வெச்சிருக்க முடியுங்களா?"

அக்கா திரையின் பக்கம் குனிந்து அந்த முகத்தை உற்றுப் பார்த்தார்.

"இது நானில்ல," என்றார் அக்கா மெதுவாக. "இது இவரு."

காரணத்தைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. சுபயாத்திரை மலிவான கம்பெனி. ஆள் அனுப்பாது. முகத்தையும் குரலையும் லைசென்ஸிலிருந்து எடுத்துக்கொள்ளும், குணத்தை மொபைல் நம்பரைப் பின்தொடர்ந்து எடுத்துக்கொள்ளும். அக்கா எல்லாப் படிவங்களிலும் கணவரின் நம்பரைத்தான் கொடுத்திருந்தார்.

"பேங்க், கேஸ், ஆஸ்பத்திரி, எல்லாத்துக்கும் இவரு நம்பருதான் தம்பி. ஓடிபி வந்தா இவரு கூடத்துல இருந்து சத்தம் போட்டுச் சொல்லுவாரு. நான் அடுப்பங்கரையில இருந்து அமுக்குவேன். எல்லா வீட்லயும் அப்படித்தான?"

அப்படித்தான். அந்தக் கம்பெனியைத் தொடங்கியவர்கள் எந்த ஊரில் வளர்ந்தார்கள் என்று தெரியவில்லை.

"திருத்தச் சொல்லலாம்," என்றேன். "திருத்துனா விலை பொற்குடைக்கு மேல போயிரும். அப்படியே விட்டாலும் தப்பு நம்ம மேல இல்ல. செஞ்சது அவங்க. ஆனா ஒண்ணு. நகல் எப்படி ஓட்டுதோ அப்படி ஓட்டற வரைக்குந்தான் கவர். நகல் செய்யாத ஒண்ண நீங்க செஞ்சு, அதுல வண்டிக்கு அடிபட்டா, கிளைம் கெடையாது."

"அப்படினா நான் வருசம் பூரா இவராட்ட ஓட்டோணுமா?"

லோகநாதன் அண்ணன் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். "நாலு வருசமா நானும் இதத்தான் சொல்றேன். இப்பக் கம்பெனியே சொல்லுது பாரு."

பொற்குடை கேட்ட தொகை அவர்களால் முடியாத ஒன்று. அக்கா திரையிலிருந்த தன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சுபயாத்திரையில் கையெழுத்துப் போட்டார். ஓடிபி வந்தது. அண்ணன் சத்தம் போட்டுச் சொன்னார்.

இதற்குப் பிறகு வண்டிக்குள் நடந்தவை எனக்குத் தெரியும். கவர் கொடுத்த வண்டிக்குள் பேச்சைப் பதிவு செய்கிற பெட்டி ஒன்றைக் கம்பெனியே மாட்டிவிடும். கிளைம் சமயத்தில் அதைக் கேட்கிற துர்ப்பாக்கியம் எனக்கு வாய்த்தது.

முதல் ஒரு மாதம் வேடிக்கையாகத்தான் இருந்தது. அண்ணனுக்கு வேறு வேலை இல்லை. தினமும் முன்சீட்டில் உட்கார்ந்து கூடவே போய்வந்தார்.

"ஏனுங்க, மஞ்ச லைட்டு. நீங்க இருந்தாப் போவீங்களா, நிப்பீங்களா?"

"நிப்பேன்."

"இப்பத்தான் மாறுச்சு."

"நான் பச்சையிலயே நிக்கறதுக்கு ரெடியாயிருவேன்."

இன்னொரு நாள்:

"எதுத்தாப்புல வர்றவரு லைட் போட்டுக் காட்டறாரு. நானும் காட்டட்டுமா?"

"நமக்கென்ன அவனத் தெரியுமா?"

ஆலைக்குப் போகிற வழியில் நிற்கும் பெண்களைப் பற்றிய பேச்சு மெதுவாக வந்தது. கூட வேலை செய்கிற பெண்கள் நான்கு பேர் தினமும் கவுந்தப்பாடி பிரிவில் நிற்பார்கள். அக்காதான் ஏற்றிக்கொண்டு போவார். நகல் ஏற்றாது. முதல் நாள் அவர்கள் கைகாட்டியபோது அக்கா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நேராகப் பார்த்தபடி போயிருக்கிறார். பதிவில் அந்த இடத்தில் பேச்சே இல்லை. மறுநாளிலிருந்து அவர் ஊரைச் சுற்றிக்கொண்டு வேறு வழியில் போகத் தொடங்கியிருக்கிறார்.

"இது சுத்து வழியாச்சே," என்று அண்ணன் ஒரு முறை கேட்கிறார்.

"அந்தப் பக்கம் ரோடு சரியில்ல," என்கிறார் அக்கா.

அந்தப் பக்கம் ரோடு நன்றாகத்தான் இருக்கிறது. அண்ணனுக்கும் தெரியும்.

மழைக்காலம் தொடங்கிய சமயத்தில், வேலை முடிந்து திரும்பும்போது பைபாஸில் அது நடந்தது. ஒரு தவில்காரர் கல்யாணத்துக்குப் போய்விட்டு ஸ்கூட்டரில் வந்திருக்கிறார். ஈர ரோட்டில் சறுக்கி விழுந்துவிட்டார். அவர் ஒரு பக்கம், தவில் ஒரு பக்கம், ஸ்கூட்டர் அவர் கால் மேல். தானாக ஓடும் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, ஒழுங்காக இண்டிகேட்டர் போட்டு, விதிப்படி இடைவெளி விட்டு, அவரை ஒரு தடவையும் தவிலை ஒரு தடவையும் சுற்றிக்கொண்டு போயின. ஒவ்வொன்றும் பொறுப்பாகக் கட்டுப்பாட்டு அறைக்கு 'சாலையில் இரண்டு தடைகள்' என்று தகவலும் அனுப்பின. கட்டுப்பாட்டு அறை ஒரு குப்பை வண்டியை அனுப்பிவைத்தது. உள்ளே இருந்தவர்கள் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்க்கவேண்டிய அவசியம் இல்லாமல்தான் அந்தக் கார்களைச் செய்திருக்கிறார்கள்.

பதிவில் உள்ளது இவ்வளவு:

"ஏனுங்க, ஆளு கெடக்குது."

"பாத்தேன். நீ போ."

"ரத்தமா இருக்குதுங்க."

"சிந்து, நின்னா கவர் இல்ல. வண்டி போச்சுனா உன்ற வேலை போச்சு. கண்ட்ரோல்ல இருந்து வருவாங்க. போ."

பிறகு பிரேக் சத்தம்.

அக்கா காரை ஓரமாக நிறுத்தவில்லை. ஓரமாக நிறுத்தினால் மற்றவை அதையும் சுற்றிக்கொண்டு போகும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. விழுந்தவருக்கு முன்னால் ரோட்டைக் குறுக்கே மறித்துத் திருப்பியிருக்கிறார். திருப்பிய வேகத்தில் முன்பக்கம் நடுத்திட்டில் ஏறி, பம்பரும் ரேடியேட்டரும் போய், ஆக்சில் முறிந்துவிட்டது. சுற்றிப் போக இடமில்லாமல் பின்னால் வந்த அத்தனை கார்களும் நின்றன. பைபாஸ் போட்டதிலிருந்து அங்கே அதுதான் முதல் டிராஃபிக் ஜாம். என்ன ஆயிற்று என்று உள்ளே இருந்தவர்கள் ஒருவழியாக நிமிர்ந்து பார்த்தார்கள். பார்த்ததும் இறங்கி ஓடிவந்தார்கள். அவர்களும் நல்லவர்கள்தான். பத்து நிமிடத்தில் தவில்காரர் ஒருவருடைய காரில் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். தவில் இன்னொருவருடைய காரில் போனது. இரண்டும் பிழைத்துக்கொண்டன.

பெட்ரோல் கார் பட்டறை வாசலில் கிடந்தது. கிளைம் பாஸானால் உள்ளே எடுப்பார்கள். இல்லையென்றால் லாரி வந்து நசுக்குகிற ஆலைக்கு இழுத்துக்கொண்டு போகும்.

சுபயாத்திரை கிளைமை மறுத்தது. நகல் நிற்காத இடத்தில் நீங்கள் நின்றிருக்கிறீர்கள் என்று காரணம் சொன்னது. நாங்கள் மறு ஓட்டம் கேட்டோம். நடந்த சம்பவத்தை அப்படியே கொடுத்து, நகல் என்ன செய்கிறது என்று வாடிக்கையாளர் கண்முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும். அதுவும் சட்டம்தான். யாரும் கேட்பதில்லை.

சேதத்தைப் பார்த்து முடிவு சொல்கிற கம்பெனி சர்வேயர் ரெஜினா மேடம் ஈரோட்டிலிருந்து வந்தார். சிடுசிடுப்பானவர் என்று எதிர்பார்த்திருந்தேன். வந்ததும் தவில்காரருக்கு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். பிறகு என் மேசையில் கருவியை விரித்து ஓட்டத்தைத் தொடங்கினார்.

திரையில் மழை. ஈர ரோடு. விழுந்து கிடக்கிற ஆள். அக்காவின் முகத்தோடு நகல் வந்தது, பார்த்தது, இண்டிகேட்டர் போட்டது, சுற்றிக்கொண்டு போய்விட்டது. ஆயிரம் தடவையும் போய்விட்டது.

"ஏன் நிறுத்தல?" என்று கேட்டார் ரெஜினா மேடம்.

"நமக்கெதுக்குங்க வம்பு?" என்றது நகல்.

சிந்துஜா அக்கா சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். லோகநாதன் அண்ணன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். தன்னை வேறொருவர் முகத்தில் பார்ப்பது கஷ்டமாகத்தான் இருந்திருக்கும்.

"சாரி," என்று மேடம் கருவியை மடிக்கப் போனார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. "மேடம், வண்டியில ரெண்டு பேரு இருந்தாங்க. நீங்க ஒராள வெச்சு ஓட்டிட்டீங்க."

"பயணி இருந்தா என்ன தம்பி மாறப்போகுது? ஓட்டறது ஒராள்தான."

"சட்டத்துல சம்பவத்த அப்படியேனு இருக்குதுங்க."

அவர் பெருமூச்சு விட்டுப் பயணி என்ற இடத்தைத் தொட்டார். யாரை உட்கார வைப்பது என்று கருவி நகலையே கேட்டுக்கொண்டது. நகல் யோசிக்காமல், தன் பக்கத்தில் எப்போதும் உட்காருகிறவரை உட்கார வைத்துக்கொண்டது. திரையில் முன்சீட்டில் ஒரு பெண் தெரிந்தார். முகம் தெளிவாக இல்லை. மடியில் அக்காவின் டிபன் கூடை இருந்தது.

மழை. ஈர ரோடு. விழுந்து கிடக்கிற ஆள். முன்சீட்டுப் பெண் எதுவும் பேசவில்லை, அந்தப் பக்கம் தலையை மட்டும் திருப்பினார். நகல் பிரேக் போட்டது.

மேடம் நிமிர்ந்து உட்கார்ந்தார். மறுபடி ஓட்டினார். நின்றது. மழையை அதிகமாக்கினார். நின்றது. மொத்தமாக ஆயிரத்தையும் ஓட்டினார். ஆயிரத்திலும் நின்றது. சில தடவை திட்டிக்கொண்டே நின்றது. பல தடவை நடுத்திட்டில் ஏறியது.

"இப்ப ஏன் நிறுத்துனீங்க?"

"நான் நிறுத்துலீனா அவ கதவத் தொறந்துட்டு எறங்கிருவாளுங்க. ஓடற வண்டியாச்சேன்னெல்லாம் பாக்க மாட்டா."

மேடம் படிவத்தில் வாகன ஓட்டுநர் சிந்துஜா என்று இருந்ததைப் பார்த்தார். நகலின் முகத்தைப் பார்த்தார். செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணனை நன்றாகப் பார்த்தார். புரிந்துகொண்டார் என்று எனக்குத் தெரிந்தது. அவர் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அவர் கேட்டது வேறு.

"அப்படி எறங்கியிருக்காங்களா இதுக்கு முன்னாடி?"

நகல் யோசித்தது. கட்டியிருந்த கைகளைப் பிரித்து ஸ்டியரிங் மேல் வைத்துக்கொண்டது.

"இல்லீங்க. அதுவரைக்கும் நான் விட்டதில்லீங்க."

ரெஜினா மேடம் கருவியை அணைத்தார். "நகல் எங்க கம்பெனி செஞ்சது. அது நின்னிருக்குது. நீங்களும் நின்னிருக்கீங்க. நான் பாஸ் பண்ணிடறேன்."

அக்கா மேடத்துக்கு நன்றி சொல்லவில்லை. அவர் கணவரைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு என்னயப் போகத்தான சொன்னீங்க?"

"ஆமா, சொன்னேன்." அண்ணன் தொண்டையைச் செருமினார். "நீ போக மாட்டேனு தெரியும். நான் சொல்றத நான் சொல்லித்தான ஆகோணும்."

அதற்கு மேல் அந்தப் பேச்சைத் தாங்க முடியாதவராய் அவர் மேடத்தின் பக்கம் திரும்பினார். "ஏனுங்க, செலவு பூராக் குடுப்பீங்களா? தேய்மானம்னு கழிப்பீங்களா?"

"கழிப்போங்க சார். பழைய வண்டியாச்சே. ரப்பரு, பிளாஸ்டிக்குக்கெல்லாம் பாதிதான்."

"பாதியா? அந்த ரப்பர் போன மாசம் மாத்துனதுங்க! என்னமோ அதுவும் பதினேழு வருசமா இருந்தாப்பல பேசறீங்க?"

மேடம் விதியை எடுத்துச் சொன்னார். அவர் ரப்பரை எடுத்துச் சொன்னார். அக்கா தன் நாற்காலியை மெல்ல இழுத்து அவர் நாற்காலிக்கு இடப்பக்கமாக ஒட்டினாற்போல் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அண்ணன் அதைக் கவனிக்கவில்லை. அந்தப் பக்கத்துக் கண்ணில்தான் அவருக்குப் பார்வை குறைவு. ஆனாலும் அவர் கை நகர்ந்து, அக்காவின் முழங்கைக்கு இடம் விட்டது. வாய் மட்டும் ரப்பருக்காக வாதாடிக்கொண்டே இருந்தது.